கவுன்சலிங் சென்டர் தொடங்குகிறீர்களா? போர்டு எழுதக் கொடுக்கும் முன்

உளவியல் படித்து முடித்துத் தனியாக சென்டர் ஆரம்பிக்கும் இளையவர்கள் இப்போது என்னிடம் அதிகம் கேட்பது விளம்பரம் பற்றித்தான். அண்மையில் ஒருவர், ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனம் கொடுத்த கொட்டேஷனை அனுப்பியிருந்தார். மாதம் 12 ரீல்ஸ், கூகுளில் ஐந்து ஸ்டார் ரிவ்யூ, குணமானவர்கள் பேசும் வீடியோ, முதல் செஷன் இலவசம், 'ஏழே நாளில் மன அழுத்தத்திலிருந்து விடுதலை' என்று ஒரு தலைப்பு. ஜிம்முக்கும் அழகு நிலையத்துக்கும் கொடுக்கிற அதே திட்டத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நம் தொழிலுக்கு அதில் பாதிக்கு மேல் ஆகாது. ஏன் ஆகாது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை, வேலையில் நான் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். யாரிடம் போவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்கலாம். எந்த விளம்பரத்தைப் பார்த்தால் உஷாராக வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூக்கம் வராமல் தவிக்கிற ஒருவர் நள்ளிரவில் போனில் தேடினால் அவர் கண்ணில் முதலில் படுவது யார்? மூன்று நாள் ஆன்லைன் கோர்ஸ் முடித்த மைண்ட் கோச், ஹிப்னாடிசத்தில் எல்லாம் சரியாகும் என்பவர், பரிகாரம் சொல்பவர். முறையாகப் படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்த ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருப்பார். அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நாம் ஒதுங்கி நிற்பதால் கஷ்டப்படுவது உதவி தேடுகிறவர்தான். ஆகவே நாம் இருக்கிறோம் என்று ஊருக்குத் தெரியப்படுத்தியே ஆக வேண்டும். எதைச் சொல்லித் தெரியப்படுத்துகிறோம் என்பதில்தான் கவனம் தேவை.

பெயருக்குப் பின்னால் போடும் எழுத்துகளிலிருந்து ஆரம்பிக்கலாம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் நோயாளிகளை இழுக்கும் நோக்கத்தில் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. கிளினிக் திறப்பு, முகவரி மாற்றம், கட்டண விவரம் போன்ற சில அறிவிப்புகளுக்கு மட்டுமே இடம் உண்டு. மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும், அதன் மையப் பதிவேட்டில் பெயரும் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவுன்சலர்களையும் மற்ற உளவியலாளர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 2021-இல் நிறைவேறிய, மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதுவரை அவர்களுக்கென்று நாடு முழுவதற்குமான சட்டப்பூர்வப் பதிவேடு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் 'மனநல ஆலோசகர்' என்று போர்டு மாட்டிக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

எனவே போர்டிலும் கார்டிலும் படிப்பு, படித்த இடம், பதிவு எண் மூன்றையும் போடுங்கள். இதைவிட நல்ல விளம்பர வாசகம் நம் தொழிலில் இல்லை. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் போடுவதில் தவறில்லை. ஆனால் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அம்மா 'டாக்டர்' என்பதை ஊசி போடும் டாக்டர் என்றுதான் புரிந்துகொள்வார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு, "நான் மருந்து எழுத மாட்டேன் அம்மா" என்று அவரிடம் சொல்ல நேர்வது கொடுமை. 'பேச்சுவழிச் சிகிச்சை மட்டும், மருந்து கிடையாது' என்று ஒரு வரி கீழே போட்டுவிட்டால் அவருக்கு அந்த அலைச்சல் இல்லை.

அப்புறம் அந்த நீண்ட பட்டியல். மன அழுத்தம், பதற்றம், தாம்பத்தியம், குழந்தையின் படிப்பு, குடிப்பழக்கம், ஆட்டிசம், நினைவாற்றல், தொழில் முன்னேற்றம் என்று போர்டு கொள்ளாமல் எழுதுகிறார்கள். எல்லாவற்றிலும் ஒருவர் பயிற்சி பெற்றிருக்க முடியாது என்பது மக்களுக்கும் தெரியும். குழந்தைகளோடு வேலை செய்வதுதான் உங்கள் பலம் என்றால் அதை மட்டும் போடுங்கள். குடி நோய்க்கு உங்களிடம் வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்து வைத்திருங்கள். 'குணப்படுத்துகிறோம்' என்ற சொல்லில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. மருந்து, மாந்திரிக வைத்திய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் சித்தப்பிரமை, வலிப்பு, ஹிஸ்டீரியா எல்லாம் இருக்கின்றன. தாயத்து விற்பவருக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று நினைத்து, பெரிய எழுத்தில் உறுதிமொழி அச்சடித்துவிடாதீர்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம்: கிளையன்ட் கொடுக்கும் சான்று.

ஒரு பெண் ஆறு மாதமாக உங்களிடம் வருகிறார் என்று வையுங்கள். அக்காவிடமும் அம்மாவிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருக்கிறார். இப்போது கொஞ்சம் தூங்குகிறார், வேலைக்குப் போகிறார். கிளம்பும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே, "முடிஞ்சா கூகுள்ல ஒரு ரிவ்யூ போடுங்களேன்" என்கிறீர்கள். அவரால் முடியாது என்று சொல்ல முடியுமா? அடுத்த வாரமும் உங்கள் முன்னால்தான் உட்கார வேண்டும். உங்கள் மனம் கோணக் கூடாது என்று அவர் நினைப்பார். பிறர் மனம் கோணாமல் நடந்தே நொந்துபோனவர்கள்தான் நம்மிடம் வருகிறவர்களில் பலர். அந்தப் பழக்கத்திலிருந்து அவரை வெளியே கொண்டுவர வேண்டிய நாமே அதைப் பயன்படுத்திக்கொள்வது எப்படிச் சரியாகும்? போட்ட பிறகு அவர் பெயரும் படமும் உங்கள் சென்டர் பெயருக்குக் கீழே நிரந்தரமாக நிற்கும். நாளை பெண் பார்க்க வருகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள், வேலை கொடுப்பவரும் பார்ப்பார்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அனுபவத்தை இங்கே சொல்லலாம். அந்தச் சங்கம் ஒரு காலத்தில் உறுப்பினர்களின் விளம்பரத்தை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அது போட்டியைத் தடுக்கிறது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டு, 1992-இல் பல தடைகளைத் தளர்த்த வைத்தது. அப்படித் தளர்த்தியபோதும், சிகிச்சையில் இருக்கும் ஒருவரிடம் சான்றுரை கேட்கக் கூடாது என்ற விதிக்கு ஆணையம் இடம் விட்டது. இன்றும் அந்த விதி இருக்கிறது. வியாபார சுதந்திரத்தையே வேலையாகக் கொண்ட ஓர் ஆணையம்கூட இதன் நியாயத்தை ஏற்றுக்கொண்டது.

யாராவது தாமாகவே மோசமான ரிவ்யூ எழுதினால்? கோபத்தில் பதில் எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். "நீங்க மூணு செஷன்தான் வந்தீங்க, சொன்ன பயிற்சியை ஒழுங்கா செய்யலை" என்று ஊர் பார்க்க எழுதியிருந்தார் ஒருவர். அந்த ஒரே வரியில், அந்த மனிதர் கவுன்சலிங்குக்கு வந்தது, எத்தனை முறை வந்தது, உள்ளே என்ன நடந்தது எல்லாம் வெளியே போய்விட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. "நன்றி சார்" என்று பதில் போடுவதுகூட அவர் நம்மிடம் வந்தவர் என்று உறுதி செய்வதுதான். ஆகவே பதில் எழுத வேண்டாம். ரிவ்யூ பொய்யாக இருந்தால் கூகுளிடம் முறையிடுங்கள், அவ்வளவுதான்.

ரீல்ஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததே. "நேத்து என்கிட்ட ஒரு பொண்ணு வந்தாங்க" என்று தொடங்கும் வீடியோக்கள் நன்றாக ஓடுகின்றன. பெயரை மாற்றிவிட்டேன், ஊரை மாற்றிவிட்டேன் என்பார்கள். திருச்சி, சேலம் அளவு ஊரில் 'பேங்க்ல வேலை, இரட்டைக் குழந்தை, மாமியார் கூட இருக்காங்க' என்று மூன்று விவரம் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். யாருமே கண்டுபிடிக்காவிட்டாலும் அந்தப் பெண் கண்டுபிடிப்பார். அதைப் பார்க்கும் மற்ற கிளையன்ட்களும், 'அடுத்த வாரம் நம்ம கதைதானோ' என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வார்கள். பதற்றம் வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது, பரீட்சைக்கு முந்தைய இரவு பிள்ளையிடம் என்ன பேசலாம், மனநல மருத்துவரிடம் எப்போது போக வேண்டும் என்றெல்லாம் பேசுங்கள். நல்ல தமிழில் இவற்றைச் சொல்ல ஆள் குறைவு. யார் கதையும் இல்லாமலேயே வருடக்கணக்கில் பேசலாம்.

ரகசியம் நழுவும் இடங்கள் இன்னும் சில இருக்கின்றன. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனம், பயனாளர்களின் மின்னஞ்சல் முகவரியையும் அவர்கள் நிரப்பிய கேள்வித்தாள் விவரங்களையும் ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்று அதே வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2023-இல் 78 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். உங்களுக்கு வெப்சைட் செய்து தருபவர், விளம்பரம் யாரைப் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதற்காக ஃபேஸ்புக்கின் கண்காணிப்பு நிரலை எல்லாப் பக்கத்திலும் வைத்துவிடுவார். 'எனக்கு என்ன பிரச்சினை' என்று ஒருவர் எழுதும் பக்கத்திலும் அது உட்கார்ந்திருக்கும். அப்பாயின்ட்மென்ட் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம் என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் கசிவு இன்னும் பெரிது. ஜிபே ரசீதில் 'மைண்ட் கேர் கவுன்சலிங்' என்று பெயர் வந்தால், மனைவியின் போனை எடுத்துப் பார்க்கிற கணவர் அதைப் பார்ப்பார். என்னிடம் பணம் கட்டுகிறவர்களுக்குத் தனிப் பெயர் மட்டுமே தெரியும்படி வைத்திருக்கிறேன். நினைவூட்டல் செய்தியில் நாளும் நேரமும் போதும், எதற்கு என்று எழுத வேண்டியதில்லை. அதையும் எந்த எண்ணுக்கு அனுப்பலாம், வாட்ஸ்அப்பா சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸா என்று முதல் நாளே அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பொங்கல் வாழ்த்து அனுப்ப கிளையன்ட்களை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்த ஒருவரை எனக்குத் தெரியும். ஒருவர் கவுன்சலிங் வருவது மற்றவருக்குத் தெரியாமல் இருந்த பத்துப் பதினைந்து பேர் ஒரே நிமிடத்தில் அதைத் தெரிந்துகொண்டார்கள். அதில் இரண்டு பேர் ஒரே அலுவலகம்.

ரிசப்ஷனில் இருப்பவருக்குக் கொடுக்கும் பயிற்சியில் செலவழிக்கும் நேரம் எந்த ரீல்ஸையும்விட உங்கள் சென்டருக்குப் பெயர் வாங்கித் தரும். முதல் போன் காலை எடுப்பவர் அவர்தான். "எதுக்குங்க வர்றீங்க, என்ன பிராப்ளம்?" என்று நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சத்தமாகக் கேட்டால், அந்த முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார், திரும்பக் கூப்பிட மாட்டார். வசதியான நேரம், திரும்ப அழைக்க வேண்டிய எண், என்ன பெயர் சொல்லி அழைக்கலாம் என்பது மட்டும் போதும்.

கட்டணத்தை மறைக்காதீர்கள். ஒரு செஷன் எத்தனை நிமிடம், எவ்வளவு ரூபாய், வர முடியாமல் போனால் எப்போது சொல்ல வேண்டும் என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். இலவச முதல் செஷன் எனக்கு உடன்பாடில்லை. அரை மணி நேரத்தில் ஒருவர் தன் ஆழமான காயத்தைத் திறந்து வைத்த பிறகு கட்டணத்தைச் சொன்னால், வேண்டாம் என்று எழுந்து போவது அவருக்குக் கடினம். பத்து செஷனுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் பேக்கேஜும் அப்படித்தான். ஆளைப் பார்த்துப் பேசும் முன்னே பத்து வேண்டும் என்று எப்படித் தெரியும்? வசதியில்லாதவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் சில நேரங்களை ஒதுக்குங்கள். அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சரி, ஆட்கள் எப்படி வருவார்கள்? குடும்ப டாக்டர், குழந்தை மருத்துவர், பள்ளித் தலைமையாசிரியர், குடும்ப நல வழக்கறிஞர் இவர்களை நேரில் போய்ப் பாருங்கள். என்ன படித்திருக்கிறேன், யாரைப் பார்ப்பேன், யாரைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் நபர் சம்மதித்தால், 'வந்தார், இத்தனை வாரம் பார்க்கத் திட்டம்' என்று இரண்டு வரி திரும்ப எழுதுங்கள். அந்த இரண்டு வரி அடுத்த ஆளைக் கொண்டுவரும். கமிஷன் கேட்டால் மறுத்துவிடுங்கள். மருத்துவர்கள் பரிந்துரைக்குக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் 2002 விதிகளே தடுக்கின்றன. மெதுவாகத்தான் வளரும், முதல் ஆண்டு வாடகையைச் சமாளிக்க ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ பகுதிநேர வேலை வைத்துக்கொள்வது நல்லது. வாடகைக் கவலை இருக்கும்போது, வேறு ஒருவரிடம் அனுப்ப வேண்டிய கிளையன்டை நம்மிடமே வைத்துக்கொள்ளத் தோன்றும்.

விளம்பரத்தை ஓடவிடும் நாளுக்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் முகம் நாலு பேருக்குத் தெரிந்துவிட்டால், இரவு ஒரு மணிக்கு இன்பாக்ஸில் 'எனக்கு வாழப் பிடிக்கலை மேடம்' என்று ஒரு செய்தி வரும். கட்டாயம் வரும். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் தானியங்கிப் பதில் வைக்கலாம். அதில் இது அவசர உதவி எண் அல்ல, எத்தனை மணிக்குப் பதில் வரும் என்பதை எழுதுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐப் போடுங்கள். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐயும், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108-ஐயும் சேருங்கள். எழுதிய பிறகு வேறு ஒரு போனிலிருந்து நீங்களே ஒரு செய்தி அனுப்பி, அந்தப் பதில் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.