அன்னாள் என்றால் என்ன பொருள்?

அன்னாள், அன்னம்மாள் என்ற பெயர்களைக் கேட்டதும் பலருக்கு அன்னை நினைவுக்கு வரும். சிலருக்குச் சோறாகிய அன்னம், அல்லது அன்னப்பறவை. தமிழ்க் காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஆனால் இது எபிரேயப் பெயர். மூலத்தில் ஹன்னா. அந்த ‘ஹ’ தொண்டையை உரசிக்கொண்டு வர வேண்டும்.

எபிரேயச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களாலான வேரிலிருந்து முளைப்பவை. இந்தப் பெயரின் வேர் ஹ்-ன்-ன். இரங்குதல், தயவு காட்டுதல் என்று பொருள். இதில் பிறந்த ‘ஹேன்’ என்ற சொல் தயவையும் குறிக்கும், பார்ப்பவரை ஈர்க்கும் அழகையும் குறிக்கும். இன்றைய எபிரேயத்தில் ‘இலவசம்’ என்பதற்கு வழங்கும் ‘ஹினாம்’ கூட இதே வேர்தான். விலையில்லாமல், கைம்மாறு எதிர்பார்க்காமல் கிடைப்பது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

விவிலியத்தில் சாமுவேலின் முதல் புத்தகம் இந்தப் பெயருடைய ஒருத்தியின் கதையோடுதான் தொடங்குகிறது. பிள்ளையில்லாத அன்னாள் சீலோ என்ற ஊரின் ஆலயத்தில் அழுது வேண்டுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். அவள் தன் வேதனையைச் சொன்னதும் ஆறுதல் கூறி அனுப்புகிறார். புறப்படும்போது அவள், தனக்கு அவர் கண்களில் தயை கிடைக்கட்டும் என்கிறாள். மூலத்தில் அந்தத் ‘தயை’ நிற்கும் இடத்தில் இருப்பது ‘ஹேன்’. தன் பெயரின் பொருளைத்தான் அவள் கேட்கிறாள்! எந்த மொழிபெயர்ப்பிலும் இது தெரியாமல் போய்விடுகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அப்புறம் அவளுக்குப் பிறந்த மகன்தான் சாமுவேல்.

கிரேக்கத்துக்குப் போனபோது ‘ஹ’ உதிர்ந்து அன்னா ஆனது. ஆன், ஆனி, அனெட், ரஷ்யாவின் ஆன்யா எல்லாம் அதன் வழி வந்தவை. யோவான் என்ற பெயரிலும் இதே வேர் உண்டு: ‘யாவே அருளினார்’. யாவே என்பது எபிரேய விவிலியத்தில் கடவுளின் பெயர். ரோமை நடுங்க வைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பெயருக்கு ‘பாகால் என்ற தெய்வத்தின் அருள்’ என்று பொருள். கார்த்தேஜில் பேசிய ஃபீனீசிய மொழி எபிரேயத்துக்கு நெருங்கிய உறவு.

தமிழ் விவிலியம் வந்தாள், ஆண்டாள் என்பவற்றில் உள்ள நம் பெண்பால் விகுதியை இந்தப் பெயரிலும் சேர்த்துக்கொண்டது. சாராள், லேயாள், மார்த்தாள், மரியாள் எல்லாம் அப்படி வந்தவையே. ஆங்கில விவிலியத்தில் சாமுவேலின் தாய் ஹன்னா, லூக்கா நற்செய்தியில் வரும் முதிய தீர்க்கதரிசி அன்னா. பெயர் ஒன்றுதான் என்பதே அங்கே தெரியாது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருவரும் அன்னாள். கத்தோலிக்கர் வழக்கில் மரியாளின் தாய் அன்னம்மாள். ஜூலை 26 அவருடைய திருநாள்.

சரி, நேர்த் தமிழில் என்ன சொல்லலாம்? தயை, கிருபை இரண்டும் வடசொற்கள். கிருபா என்று பெயர் வைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் ‘அருள்’தான் சரியான சொல். அன்பு உறவினர்மேல் செல்வது, அருள் உறவில்லாதவர்மேலும் செல்வது என்று உரையாசிரியர்கள் பிரித்துச் சொல்வார்கள். ‘ஹேன்’ அந்த இரண்டாவது வகை. மகளுக்கு ஹன்னா என்ற பொருளிலேயே தமிழ்ப் பெயர் வேண்டும் என்பவர்கள் அருளி என்று வைக்கலாம்.