கடலடியில் ஒரு தராசு

மூதூரில் படிக்கும் மாணவி ஒருவரின் கேள்வி இது: "கடலில் எப்போதும் அலை அடித்துக்கொண்டுதானே இருக்கிறது? அதில் சுனாமி எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்?"

நிலநடுக்கம், தட்டுகள் எல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. சரி, கருவிக்கு வருவோம். சுனாமி எச்சரிக்கைக்காகக் கடலில் நிறுத்தியிருக்கும் மிதவையைப் படத்தில் பார்த்திருப்போம்; அது வெறும் தபால்காரர்தான். அளக்கும் கருவி கடலின் அடித்தரையில் இருக்கிறது.

காற்று எழுப்பும் அலையின் அசைவு, அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குள் அடங்கிவிடும். மார்கழி வாடையில் நிலாவெளிக் கடல் எவ்வளவு கொந்தளித்தாலும், சில நூறு மீற்றருக்குக் கீழே அதன் சுவடே இராது. சுனாமியின் அலைநீளமோ நூறு, இருநூறு கிலோமீற்றர். அதற்கு முன்னால் 4 கிலோமீற்றர் ஆழமெல்லாம் ஆழமே அல்ல. மேலிருந்து அடிவரை தண்ணீர் முழுவதும் சேர்ந்து நகரும். கடலே சின்ன அலைகளை வடிகட்டிவிட்டுப் பெரியதை மட்டும் அடிக்கு அனுப்புகிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடியில் இருக்கும் கருவி, தனக்கு மேலே நிற்கும் தண்ணீரின் எடையை 15 விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகம், அழுத்தம் மாறினால் துடிப்பின் வேகத்தை மாற்றும். 4,000 மீற்றர் நீரில் 1 சென்ரிமீற்றர் கூடினாலும் தெரிந்துவிடும்; நாலு லட்சத்தில் ஒரு பங்கு! வற்றுப்பெருக்கும் எடையை மாற்றுமே? அதற்குத்தான் கணினி நிரல். கடந்த சில மணிநேர அளவுகளை வைத்து, இப்போது நீர்மட்டம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணிக்கிறது. உண்மை அளவு அதிலிருந்து 3 சென்ரிமீற்றர் விலகினால் ஒலியலை மிதவைக்குப் போகும், அங்கிருந்து செய்மதிக்கு. 2004 இல் ஆழ்கடலில் செய்மதி அளந்த சுனாமியின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். அன்று இந்து சமுத்திரத்தில் இப்படியொரு கருவிகூட இல்லை. சுமாத்திராவிலிருந்து நம் கிழக்குக் கரைக்கு வர அலைக்கு ஏறக்குறைய இரண்டு மணிநேரம் பிடித்தது.

2004 இல் சுனாமி வந்த நாள் பூரணை என்பதால், இன்றும் பூரணை வந்தால் பயப்படுபவர்கள் திருகோணமலையில் இருக்கிறார்கள். நிலவு நிலநடுக்கத்தின் நாளைக் குறிப்பதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்து நாமெல்லாம் கரையைவிட்டு ஓடினோமே, அப்போது பூரணை கழிந்து ஐந்து நாள். தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

பயப்படவேண்டிய விஷயம் வேறு. மின்கலம் தீரும், உப்பு அரிக்கும், மிதவையில் படகைக் கட்டி மீன்பிடிப்பார்கள். 2018 இல் சுலாவெசியைச் சுனாமி தாக்கியபோது, இந்தோனேசியா முன்பு நிறுத்தியிருந்த மிதவைகள் எதுவும் வேலை செய்யவில்லை. அனர்த்தம் நடந்ததும் கருவி வாங்கப் பணம் கிடைக்கிறது. பத்தாவது வருடம் கப்பல் அனுப்பி மின்கலம் மாற்ற யாரும் தருவதில்லை. பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிவைக்கும்படி இந்து சமுத்திர நாடுகளின் மக்கள் கேட்கவேண்டும், நாமும்தான்.