ஊர் மாநகர சபைக்குள் போனால் சோலை வரி என்னாகும்?

அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, கன்னியா எல்லாம் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருபவை. இப்படியான ஓர் ஊரைத் திருகோணமலை மாநகர சபையோடு சேர்க்கப்போகிறார்கள் என்று கதை வந்தாலே, சனத்துக்கு முதலில் வருவது வரிப் பயம். அந்தப் பயத்தில் பாதி நியாயமானது.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி, கட்டடங்கள் பெருகிய பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில்தான் ஆதன வரி, அதாவது வீடு, காணிக்கான சோலை வரி, அறவிடலாம். அதனால் ஒதுக்குப்புறத்தில் பலர் சோலை வரியே கட்டியதில்லை. மாநகர எல்லைக்குள் வந்தால் அந்த விலக்கு இல்லை. ஆனால் எல்லை மாறிய மறுநாளே பில் வராது. வர்த்தமானி அறிவித்தல் வரவேண்டும், விலைமதிப்புத் திணைக்களம் மதிப்பிடவேண்டும், உங்களுக்கு அறிவித்தல் தரவேண்டும்.

வரி கணக்கிடுவது காணியின் விற்பனை விலையில் அல்ல. வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு என்ன கிடைக்கும் என்ற ஆண்டுப் பெறுமதியில் சபை தீர்மானிக்கும் வீதம்தான் வரி. உதாரணத்துக்கு, ஆண்டுப் பெறுமதி 40,000 ரூபா, வீதம் 6% என்றால் வரி 2,400 ரூபா. முழுவதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10% கழிவு, 2,160 ரூபாதான். காலாண்டுக்கு 600 ரூபாவாகக் கட்டுபவர்கள் அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5% கழிவு உண்டு.

மதிப்பீட்டு அறிவித்தலைத் தயவுசெய்து அலமாரியில் போட்டுவிடாதீர்கள். பெறுமதி கூடுதலாகப் பட்டால், அதில் குறிப்பிட்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். ஓட்டு வீட்டை மாடி வீடென்று பதிந்திருந்தால்கூட அப்போதுதான் திருத்தலாம். திகதி போனபின் கந்தோர் ஏறி இறங்கும் வயதானவர்களைப் பார்க்க மனம் பொறுக்காது.

குப்பை, தெருவிளக்கு, வடிகால், உள்வீதி, நூலகம் சபையின் பொறுப்பு. குடிநீருக்கு நீர் வழங்கல் சபை, மின்சாரத்துக்கு மின் வழங்கும் நிறுவனம். இவை இரண்டும் எல்லை மாற்றத்தால் மாறாது. விளக்கு எரியவில்லை என்று வரியை நிறுத்தவும் முடியாது. நிலுவை சேர்ந்தால் வாரண்ட் மூலம் அசையும் பொருட்களைக் கைப்பற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கு இன்னொன்று: இறந்த தகப்பன் பெயரிலேயே வரி ஏடு கிடந்தால், காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டிப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வரிப் பற்றுச்சீட்டு மட்டும் காணி உரிமைக்குச் சான்றாகாது.