பிஞ்ச் ஈட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

நிறுத்தமுடியாமல் அளவுக்கு மீறித் தின்பதை ஆங்கிலத்தில் 'பிஞ்ச் ஈட்டிங்' என்கிறார்கள். அதில் வரும் 'பிஞ்ச்' முதலில் சாப்பாட்டுச் சொல்லே இல்லை. மரத்தொட்டி ஒழுகாமலிருக்க அதைத் தண்ணீரில் ஊறப்போடுவதற்கு இங்கிலாந்தின் வட்டார வழக்கில் அந்தப் பெயர். மரம் நீரைக் குடித்து உப்பினால் இடுக்கு அடைபடும். 19ஆம் நூற்றாண்டில் அதைக் குடிகாரர்களுக்கும் கேலியாகச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு வந்தது அதற்கும் பிறகுதான். 1959இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட், பருமனானவர்களில் சிலர் இப்படி உண்பதைத் தனியாக எடுத்து எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் கையேடு இதைத் தனி நோயாக ஏற்றது 2013இல்.

தமிழில் 'பெருந்தீனி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, அது வசவு. பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்பவரையும் அப்படித்தானே சொல்கிறோம்? ஔவையின் 'மீதூண் விரும்பேல்' தரும் 'மீதூண்' அழகான சொல்தான், ஆனால் அளவை மட்டுமே சொல்கிறது. மணிமேகலையில் காயசண்டிகையை வாட்டும் 'யானைத்தீ' எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அது 'புலிமியா' என்னும் இன்னோர் உண்ணல் நோயின் பெயருக்கு உறவு. அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள் மாட்டுப்பசி. நம் நோயிலோ பசியே இல்லாதபோதும் கை தட்டுக்குப் போகும்.

மருத்துவர்கள் அளவோடு சேர்த்து முக்கியமாகப் பார்ப்பது அந்த நிறுத்தமுடியாமையைத்தான். வேகவேகமாக, வயிறு வலிக்கும்வரை, வெட்கப்பட்டு யாருக்கும் தெரியாமல் தின்பது, பிறகு தன்மேலேயே அருவருப்பு கொள்வது. வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் இப்படி நடந்தால் நோய் என்கிறது கையேடு. தின்றதை வாந்தியெடுத்து வெளியேற்றும் வழக்கம் இதில் இருக்காது; இருந்தால் அது புலிமியா. ஆகவே 'கட்டுமீறிய உண்ணல்' என்பேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஆளைத் திட்டாத சொல்.

கவலையிலோ தனிமையிலோ உணவைத் தேடுவதற்கு 'மனப்பசி' போதும். வயிற்றுப்பசி மெல்ல ஏறும், பழைய சோறு கிடைத்தாலும் ஆறும். மனப்பசி சட்டென்று வந்து மிக்சரையோ ஐஸ்கிரீமையோ பெயர் சொல்லிக் கேட்கும். துக்கத்தில் தின்று ஏறிய எடைக்கு ஜெர்மானியர் 'கும்மர்ஷ்பெக்' என்கிறார்கள், 'துயரக் கொழுப்பு'. மனப்பசி எப்போதாவது எல்லாருக்கும் வரும், அதை நோய் என்று சொல்லக்கூடாது.

நோய் என்றானபின் பலர் செய்வது பட்டினி. அதுவே அடுத்த மீறலுக்கு வழிவிடுகிறது. அதனால் எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் முதலில் வேளாவேளைக்குச் சாப்பிட வைக்கிறார்கள். என்ன சாப்பிட்டோம், அப்போது மனம் எப்படி இருந்தது என்று அன்றன்றே எழுதிவரச் சொல்கிறார்கள்.