ஒரு சமன்பாட்டில் மட்டும் சரிபார்த்தால் போதாது

இரண்டு சமன்பாடுகள் உள்ள கணக்கைப் போட்டுவிட்டு, "விடையை முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தேன் சார், சரியாக வருகிறது" என்று பிள்ளை சொன்னால் உடனே தட்டிக்கொடுத்துவிடாதீர்கள். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவனாகப் பெற்றோருக்கு இதை எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், நோட்டையும் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு கருவாட்டுக் கணக்கு. 3 கிலோ நெத்திலியும் 2 கிலோ சாளையும் 1300 ரூபாய். 2 கிலோ நெத்திலியும் 5 கிலோ சாளையும் 1600 ரூபாய். (விலை கணக்குக்காக வைத்தது, கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.) ஒரு கிலோ விலையை நெ, சா என்று வைத்துக்கொள்வோம்.

3நெ + 2சா = 1300
2நெ + 5சா = 1600

முதலாவதை 2ஆல் பெருக்கி, இரண்டாவதை 3ஆல் பெருக்கியதிலிருந்து கழித்தால் 11சா = 2200. சாளை 200, நெத்திலி 300. இப்போது இரண்டாவது சமன்பாட்டுக்குப் பதிலாக 11சா = 2200 என்று எழுதிக்கொண்டாலும் தீர்வு மாறாது. இப்படி எழுதும் விதம் மாறினாலும் தீர்வு மாறாத சமன்பாட்டுத் தொகுப்புகளைத்தான் சமானத் தொகுப்புகள் என்கிறோம். சமன்பாடுகளை இடம் மாற்றலாம். பூச்சியமல்லாத எண்ணால் இரு பக்கத்தையும் பெருக்கலாம். ஒன்றின் மடங்கை மற்றொன்றோடு கூட்டலாம். செய்ததைத் திருப்பிச் செய்து பழைய தொகுப்புக்கு வர முடிவதால்தான் இந்த மூன்றுக்கும் அனுமதி. பன்னிரண்டாம் வகுப்பில் அணியை (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம்) வைத்துச் செய்யும் காஸ் நீக்கல் முறையிலும் இவைதான்.

இரண்டு சமன்பாடுகளையும் கூட்டி 5நெ + 7சா = 2900 என்று எழுதிவிட்டு, பழைய இரண்டையும் அடித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அங்கே தொகுப்பு கெட்டது. நெத்திலி 20, சாளை 400 என்றாலும் அந்த ஒற்றைச் சமன்பாடு சரியாகவே வரும். நெத்திலிக் கருவாடு கிலோ 20 ரூபாய் என்றால் ஊரே வரிசையில் நிற்கும்! ஆனால் அந்த விலையில் முதல் பில் (3 கிலோ நெத்திலி, 2 கிலோ சாளை) 1300 வராது, 860தான்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சரிபார்த்தல். கழித்தலில் தவறி, சா = 500 என்று வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதை முதல் சமன்பாட்டில் போட்டால் நெ = 100. திரும்ப அதிலேயே சரிபார்த்தால் 300 + 1000 = 1300, கச்சிதம். நெ கிடைத்ததே அந்தச் சமன்பாட்டிலிருந்துதானே, பொருந்தாமல் எப்படிப் போகும்? இரண்டாவதில் போட்டால் 200 + 2500 = 2700; குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே கேள்வியில் கொடுத்த இரண்டு சமன்பாடுகளிலும் போட்டுப் பார்த்திருக்கிறானா என்று பாருங்கள்.

பயிற்சிக்குப் புதுக் கணக்கு வேண்டுமென்றால் கைடு வாங்க வேண்டியதில்லை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்து 3சா − நெ = 300 என்று எழுதி, முதல் சமன்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். விடை அதே 300, 200தான். அப்படி வரவில்லை என்றால், பிள்ளையையே ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.