வேகத் திட்டத்தை மாற்றும் முன் ரவுட்டரில் நிற்கும் வரிசையைப் பாருங்கள்

வீடுகளுக்கு இணைய இணைப்பு அமைத்துப் பராமரிக்கும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. ஃபைபர் போட்டாகிவிட்டது, வேகச் சோதனையில் 100 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு 10 கோடி பிட்) முழுதாகக் காட்டுகிறது, ஆனாலும் வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது என்பார்கள். இவர்களில் பலர் என்னை அழைப்பதற்கு முன்பே 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறியிருப்பார்கள், குறை மட்டும் பெரிதாகத் தீர்ந்திருக்காது. ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகும் என்பது வேகம். பேக்கெட் எனப்படும் ஒரு சிறு தரவுத் துண்டு புறப்பட்டு, எதிர்முனையைத் தொட்டு, பதிலோடு திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது தாமதம். இவை இரண்டும் வெவ்வேறு என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லாததுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

முதலில் ஃபைபர் மீதுள்ள ஐயத்தைப் போக்கிவிடலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப 10 மில்லி நொடி ஆகும். அதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. வீட்டுக்கும் சேவை நிறுவனத்தின் கருவிக்கும் நடுவே 20 கிலோமீட்டர் இழை இருந்தாலும், அதில் ஒளி போய்வர 0.2 மில்லி நொடிதான். ஜிபான் என்ற முறையில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்வதால், தரவை மேலே அனுப்ப ஒவ்வொரு வீடும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. அந்தக் காத்திருப்பும் சாதாரணமாக ஓரிரு மில்லி நொடியில் முடிந்துவிடும். அப்படியானால் குரல் விட்டுவிட்டு வரும் வீடுகளில் அளக்கும்போது தெரியும் 300, 400 மில்லி நொடி எங்கிருந்து வருகிறது?

அதைக் கண்டுபிடிக்க, கணினியை ரவுட்டரில் கேபிள் மூலம் இணைத்து மூன்று இடங்களுக்குப் பிங் (போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சிறு சோதனை) அனுப்பிப் பாருங்கள்: உங்கள் ரவுட்டர், அதற்கு அடுத்துள்ள நிறுவனத்தின் முதல் ரவுட்டர், தொலைவில் உள்ள ஏதேனும் ஒரு சர்வர். வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரத்தில் ஒரு முறையும், ஒரு பெரிய கோப்பு அப்லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது மறுமுறையும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவைத்தான் ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நோய் பெரும்பாலும் அதில்தான் தெரியும்.

ஒரு வீட்டில் மாலை வேளைகளில் மட்டும் இணையவழி வகுப்பு தடைப்பட்டது. இணைப்பு ஓய்வாக இருந்தபோது பிங் 8 மில்லி நொடி. அதே நேரத்தில் ஒரு கைப்பேசி அன்று எடுத்த படங்களைக் கிளவுடுக்கு அனுப்பத் தொடங்கியதும் பிங் 400-ஐத் தாண்டியது. அந்தத் திட்டத்தின் அப்லோட் வேகம் 20 எம்.பி.பி.எஸ். வெளியே போகும் வழியில் உள்ள கருவி, அனுப்ப வேண்டிய தரவில் 10 லட்சம் பைட்டைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைத்தால், அது 80 லட்சம் பிட். நொடிக்கு 2 கோடி பிட் என்ற கணக்கில் அந்த வரிசை கரைய 0.4 நொடி ஆகும். குரலைச் சுமக்கும் சிறு பேக்கெட் எவ்வளவு அவசரமானதாயினும், படங்களின் பின்னால் அந்த 0.4 நொடியும் நிற்கத்தான் வேண்டும். வேகமான திட்டம் இந்த வரிசையைச் சற்று விரைவாகக் கரைக்கும் என்பதை மறுக்கவில்லை. அப்லோட் 40 எம்.பி.பி.எஸ். ஆனால் 400 என்பது 200 ஆகும். பேசுகிறவருக்கு அதுவும் இடைஞ்சல்தான்.

பேக்கெட் தொலைந்தால்தான் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று இணையத்தில் தரவை அனுப்பும் விதிமுறையான டி.சி.பி.யின் வழக்கமான வகைகள் அறிந்துகொள்கின்றன. கருவியில் நினைவகம் மிகுதியாக இருந்தால் எதுவும் தொலைவதில்லை. ஆகவே அனுப்புகிற பக்கம் அடங்குவதில்லை, வரிசையும் குறைவதில்லை. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதை ஆராய்ந்து, 'பஃபர்ப்ளோட்' (காத்திருப்பு நினைவகம் வீங்குதல்) என்று பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை எண்ணாமல், ஒவ்வொரு பேக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைக் கவனிப்பதே அதன் சிறப்பு. காத்திருப்பு 5 மில்லி நொடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லி நொடி நேரம் தொடர்ந்தால், அது ஒரு பேக்கெட்டைக் கைவிட்டு, அதன் மூலம் அனுப்புகிற பக்கத்தை எச்சரிக்கிறது. பின்னர் வந்த எஃப்.கியூ. கோடெல், கேக் என்ற முறைகள் ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை அமைப்பதால், படங்களின் வரிசையில் குரல் சிக்குவதில்லை.

உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எஸ்.கியூ.எம். (வரிசை மேலாண்மை) என்றோ, மேற்சொன்ன பெயர்களிலோ ஒரு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இயக்கினால் மட்டும் போதாது. பலர் தவறுவது இங்கேதான். அளந்து பார்த்த உண்மையான வேகத்தில் 90 முதல் 95 விழுக்காட்டை உச்சவரம்பாகக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் வரிசை உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டரில் உருவாகும். இல்லையென்றால் அதற்கு அப்பால், ஃபைபர் வந்து சேரும் ஓ.என்.டி. கருவியில் முன்போலவே சேர்ந்துகொண்டிருக்கும். மேற்சொன்ன வீட்டில் அப்லோட் வரம்பை 18 எம்.பி.பி.எஸ். என்று வைத்தேன், படங்கள் போய்க்கொண்டிருக்கும்போதும் பிங் 20 மில்லி நொடிக்குள் நின்றது. இந்த வேலை ரவுட்டரின் பிராசசருக்குச் சுமை என்பதால், பழைய கருவிகளில் உயர்வேகத் திட்டத்தின் டவுன்லோட் வேகம் குறையக்கூடும். அங்கே அப்லோடுக்கு மட்டும் வரம்பிட்டாலே பெரும்பகுதி பயன் கிடைக்கும். இந்த வசதியே இல்லாத ரவுட்டர் என்றால், படங்களைச் சேமிக்கும் செயலியின் அப்லோட் வேகத்துக்கு வரம்பிடலாம், அல்லது அது நள்ளிரவில் மட்டும் இயங்குமாறு அமைக்கலாம்.

அடுத்தது வைஃபை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும்; மற்றவை, பக்கத்து வீட்டுக் கருவிகள் உட்பட, காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்களாக 1, 6, 11 ஆகிய மூன்றே பொதுவாகக் கிடைப்பதால் அங்கே நெரிசல் இயல்பு. கேபிள் வழியாக ரவுட்டருக்குப் பிங் அனுப்பினால் 1 மில்லி நொடிக்கும் குறைவாக இருக்கும். வைஃபையில் அதே பிங் 3, 50, 7, 90 என்று தாவினால், சிக்கல் உங்கள் சுவர்களுக்குள்ளே இருக்கிறது. இடம்விட்டு நகராத கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் கேபிள் போட்டுவிடுங்கள். மற்றவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், ஒவ்வொரு பேக்கெட்டையும் இருமுறை காற்றில் ஏற்றுகிறது. சிக்னல் கோடுகள் கூடினாலும் தாமதமும் சேர்ந்தே கூடும்.

தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரை மாற்றினால் பிங் குறையும் என்ற அறிவுரை எங்கும் காணப்படுகிறது. ஒரு தளத்தின் பெயரைத் தேடும் முதல் கணத்தில் மட்டுமே அது உதவும். இணைப்பு ஏற்பட்ட பிறகு விளையாட்டிலோ அழைப்பிலோ அதற்கு வேலையில்லை.

இழையிலும் பழுது வரலாம். பெரும்பாலான வீட்டு ஜிபான் கருவிகள் பெறும் ஒளியின் அளவு -27 டி.பி.எம்.மை (ஒளி வலிமையின் அலகு) விடத் தாழ்ந்தால் பிழைகள் பெருகும். தொலைந்த பேக்கெட்டுகள் மீண்டும் அனுப்பப்படும்போது அதுவே தாமதமாகிறது. அலமாரிக்குப் பின்னால் இழை மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இணைப்பு முனையைக் கழற்றவோ, அதற்குள் உற்றுப் பார்க்கவோ வேண்டாம். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

கேபிளில் இணைத்து, வீட்டில் வேறு எந்தப் பயன்பாடும் இல்லாத நிலையிலும், நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கான பிங் நாள்தோறும் இரவு 8 மணிக்கு உயர்ந்து நள்ளிரவில் தணிந்தால், நெரிசல் அவர்கள் பக்கம்தான். வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் சோதனையில் நடுவே ஒரு ரவுட்டர் மட்டும் தாமதம் காட்டி, அதற்கு அடுத்தவை இயல்பாக இருந்தால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம். அத்தகைய ரவுட்டர்கள் பிங்குக்குப் பதிலளிப்பதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும். நான்கைந்து நாட்களின் அளவுகளை நேரத்தோடு குறித்து, கேபிளில் எடுத்தவை என்பதையும் எழுதி அனுப்புங்கள். இணையம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால், தொலைபேசியில் பேசுபவர் ஒரு வேகச் சோதனை நடத்தி, 100 எம்.பி.பி.எஸ். வருகிறதே என்று கூறிப் புகாரை முடித்துவிடுவார்.