அகதீசியா: இருப்புக்கொள்ளாமை

மனநல வார்டில் பணி மாறும்போது, "இரவு முழுக்க உலாத்திக்கொண்டே இருந்தார், படுக்கவே இல்லை" என்று சொல்லக் கேட்கலாம். அதற்கு நோய் காரணமாக இருக்கலாம், கொடுத்த மருந்தும் காரணமாக இருக்கலாம். மருந்தால் வந்தது என்றால் அதன் பெயர் அகதீசியா.

சொல் கிரேக்க வேரில் பிறந்தது. 'கதீசிஸ்' என்றால் உட்கார்தல். முன்னே நிற்கும் 'அ' எதிர்மறை. இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் செக் நரம்பியல் மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ். ஓரிடத்தில் உட்காரவே முடியாத இரு நோயாளிகளைப் பற்றி 1901-இல் அவர் எழுதினார். மனநோய்க்கு, இந்த விளைவைத் தரும் மருந்து வகையின் முன்னோடியான குளோர்புரோமசின் கொடுக்கத் தொடங்கியது 1952-இல்தான். ஆக, இன்று பக்கவிளைவின் பெயராக வழங்கும் சொல், அந்த விளைவைத் தரும் மருந்துகளுக்கு அரை நூற்றாண்டு மூத்தது.

தமிழில் இதை 'அமைதியின்மை' என்று எழுதுகிறார்கள். அது போதாது. பதற்றம், கோபக் கிளர்ச்சி, தூக்கக்கேடு, ஊர்க்கலவரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். 'நிலைகொள்ளாமை' பரவாயில்லை. ஆனால் கச்சிதமாகப் பொருந்துவது, பேச்சு வழக்கில் ஏற்கெனவே இருக்கும் 'இருப்புக்கொள்ளாமை'. இருத்தல் என்றால் உட்கார்தலும்தான். இருக்கை என்ற சொல்லே அங்கிருந்து வந்தது. கிரேக்கச் சொல்லின் பொருள் அப்படியே கிடைக்கிறது. 'இருப்புக்கொள்ளவில்லை' என்னும்போது உள்ளே இருக்கும் தவிப்பும் சேர்ந்தே ஒலிக்கிறது. அகதீசியாவுக்கு இந்த இரண்டும் வேண்டும்: கால் அசைவது பிறர் கண்ணுக்குத் தெரியும், உள்ளிருந்து பிடித்துத் தள்ளும் உந்துதல் நோயாளிக்கு மட்டுமே தெரியும்.

பெயர் தவறினால் மருந்தும் தவறும். கேஸ் ஷீட்டில் 'கிளர்ச்சி' என்று ஏறிவிட்டால், தேவைப்படும்போது கொடுக்க எழுதிவைத்த, மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் 5 மி.கி. ஊசி போடப்படும். தவிப்பை உண்டாக்கிய மருந்தே இன்னொரு முறை உள்ளே போகிறது. நடை கூடுகிறது, குரல் உயர்கிறது, அடுத்த ஊசிக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. இந்தச் சுழலை முதலில் பார்க்கக்கூடியவர் பக்கத்தில் இருக்கும் செவிலியர்தான்.

பிரித்தறியப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அகதீசியாவை மதிப்பிட 1989-இல் வந்த பார்ன்ஸ் அளவுகோலின்படி, நோயாளியை உட்கார வைத்துக் குறைந்தது 2 நிமிடம், நிற்க வைத்து 2 நிமிடம், சாதாரணமாகப் பேசிக்கொண்டே கால்களைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கையில் கால் தரையில் தேய்கிறதா, ஒரு கால் ஆடுகிறதா? நிற்கையில் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருக்கிறதா? பிறகு கேட்க வேண்டியவை: "அசையாமல் இருங்கள் என்றால் உள்ளே என்ன செய்கிறது?", "நடந்தால் குறைகிறதா?", "இது எப்போது தொடங்கியது?" கடைசிக் கேள்விக்கான பதிலை மருந்து அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கியோ அளவு கூடியோ சில மணி நேரம் முதல் சில வாரங்களுக்குள் என்றால் சந்தேகம் வலுக்கும். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினாலும் வரும். காதில் கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லியபடி நடப்பவர் வேறு. ஓய்வாகப் படுத்தாலோ உட்கார்ந்தாலோ, அதுவும் பெரும்பாலும் இரவில், கால் குடைகிறது என்பவரும் வேறு.

ஹாலோபெரிடால் மட்டுமல்ல, அரிபிப்ரசோல், ரிஸ்பெரிடோன் ஆகிய மனநோய் மருந்துகளும் சில மனச்சோர்வு மருந்துகளும் இதைத் தரும். குவெட்டியாபின், குளோசாபின் இரண்டிலும் குறைவு.

உறுதியானால் மருத்துவர் முதலில் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். அதோடு, நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்தான புரோப்ரனலோல் சிறிய அளவில் தொடங்குவது வழக்கம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது; ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும், நாடி 60-க்குக் கீழே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. டிரைஹெக்சிபெனிடில் மாத்திரையைப் பழக்கத்தில் நீட்டுவது உண்டு. கைநடுக்கமும் தசை இறுக்கமும் சேர்ந்திருந்தால் உதவலாம், தனி அகதீசியாவுக்கு அதை நம்ப முடியாது.

மருந்து வேலை செய்யும்வரை நடக்க விட வேண்டும். கட்டிப்போடுவதைப் போலக் கொடுமை இவருக்கு வேறில்லை. ஈரமில்லாத தரை, வழுக்காத செருப்பு, கையில் பிடித்துக் குடிக்கத் தண்ணீர், நடந்தபடியே சாப்பிடக்கூடிய உணவு இருக்கட்டும். பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பார்க்கட்டும். "இது மருந்தால் வந்தது, சரிசெய்ய முடியும்" என்று சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். சொல்லாவிட்டால் பைத்தியம் முற்றிவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டே ஆக வேண்டும். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விடத் துணிவதும், சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவதும் இரண்டுமே நடப்பவை.

மனநலப் பிரிவுக்கு வெளியிலும் இது வரும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு 10 மி.கி. நரம்பு வழியாக வேகமாக ஏற்றியபின், அதுவரை அமைதியாகப் படுத்திருந்தவர் ஊசியைப் பிடுங்கிவிட்டு "வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்தால், மனநல மருத்துவரை அழைக்கும் முன் அந்த ஊசியை நினைக்க வேண்டும். அதே மருந்தைச் சலைனில் கலந்து 15 நிமிடம் மெதுவாக ஏற்றினால் இது நேர்வது குறைகிறது.